ஜேம்ஸ் பாண்டுக்கு கோட் மாட்டிவிட்டவர்: யார் இந்த டெரன்ஸ் யங்?

1962-ல் வெளியான 'டாக்டர் நோ' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் முதன்முதலாகத் திரைக்கு வரும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் யூடியூபில் ஒருமுறை தேடிப் பாருங்கள். லண்டனில் பணக்காரர்கள் வந்துபோகும் ஒரு சூதாட்ட கிளப். சீட்டு மேஜையைச் சுற்றிக் கூட்டம். பாண்டின் முகம் உடனே வராது. முதுகு வரும். சீட்டை எடுக்கும் கை வரும். கோட் கையின் நுனியில் மடித்துத் தைத்த பட்டுத் துணி, அதற்கு வெளியே அளவாக எட்டிப் பார்க்கும் வெள்ளைச் சட்டை. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் பெயரைக் கேட்ட பிறகுதான், சிகரெட் பற்றவைத்தபடி அந்த முகம் நமக்குக் காட்டப்படுகிறது.

ஆளுக்கு முன்னாடியே அவர் உடை அறிமுகமாகிவிடுகிறது.

இந்த உடையை யார் தேர்ந்தெடுத்தது? நடித்த ஷான் கானரியா? இல்லை. பாண்டை உருவாக்கிய எழுத்தாளர் இயன் ஃபிளெமிங்கா? அவர் நாவல்களில் பாண்டுக்குக் கருநீலக் கோட்டும், பின்னல் வேலை செய்த கறுப்புப் பட்டு டையும் கொடுத்திருந்தார். அதில் கொஞ்சம் படத்துக்கு வந்தது, அவ்வளவுதான். திரையில் நாம் பார்க்கும் பாண்டின் கோட், சட்டை, டை, நடை எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. படத்தின் இயக்குநர் டெரன்ஸ் யங். தான் எப்படி உடுத்துவாரோ அப்படியே பாண்டையும் உடுத்தவைத்தார்.

ஷாங்காய் பையன்

யங் 1915 ஜூன் 20 அன்று பிறந்தது சீனாவின் ஷாங்காயில். அப்பா அந்நகரின் காவல்துறையில் உயர் அதிகாரி. பிரிட்டன் மாதிரி வெளிநாடுகள் ஷாங்காயின் சில பகுதிகளைத் தங்கள் கையில் வைத்திருந்த காலம் அது. படித்தது கேம்பிரிட்ஜில், வரலாறு. படிப்பு முடிந்ததும் சினிமாவுக்குக் கதை எழுதப் போய்விட்டார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. யங் ராணுவத்தில் சேர்ந்து டாங்கிப் படையில் அதிகாரியானார். 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெம் நகர்ப் பாலத்தைப் பிடிக்க நேச நாடுகள் நடத்திய 'மார்க்கெட் கார்டன்' தாக்குதலிலும் இருந்தார். தோல்வியில் முடிந்த தாக்குதல் அது. அதே நாட்களில் ஆர்னெமுக்குப் பக்கத்து ஊரில் 15 வயதுப் பெண் ஒருத்தி குடும்பத்தோடு தவித்துக்கொண்டிருந்தாள். பெயர் ஆட்ரி ஹெப்பர்ன். 23 வருஷம் கழித்து, 1967-ல் 'வெய்ட் அன்டில் டார்க்' படத்தில் அவரை இயக்கியவர் யங்தான்.

போருக்குப் பிறகு இயக்குநரானார். 1948-ல் வந்த முதல் படம் 'காரிடார் ஆஃப் மிரர்ஸ்'. இன்று பெரிதாக யாரும் பேசாத படம். ஆனால் அதன் கதையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பழங்காலத்து நினைப்பிலேயே வாழும் ஒரு பணக்காரன், தனக்குப் பிடித்த பெண்ணுக்குப் பழைய பாணி உடைகளை அணிவித்து, தன் கற்பனையில் இருக்கும் ஒருத்தியாகவே அவளை மாற்றப் பார்க்கிறான். ஒருவருக்கு உடை மாட்டி இன்னொருவராக்குவது. 14 வருஷம் கழித்து நிஜத்தில் யங் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான். (பின்னாளில் மிஸ் மணிபென்னியாக வந்த லோயிஸ் மாக்ஸ்வெல் இந்தப் படத்தில் இருக்கிறார். பிறகு பாண்ட் பட வில்லனான கிறிஸ்டோபர் லீக்கு இதுதான் முதல் படம்.)

1953-ல் 'தி ரெட் பெரே' என்ற போர்ப் படம். தயாரிப்பாளர்களில் ஒருவர் ஆல்பர்ட் பிராக்கலி. அந்தப் பழக்கம் பின்னாளில் கைகொடுத்தது. 1957-ல் 'ஆக்ஷன் ஆஃப் தி டைகர்'. படம் எடுபடவில்லை. அதில் சின்ன வேடத்தில் வந்துபோனவர் ஷான் கானரி என்ற 27 வயது இளைஞர்.

லாரி டிரைவர் மகன்

கானரியின் பின்னணி யங்குக்கு நேரெதிர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தொழிலாளர்கள் வாழும் பகுதியில் பிறந்தவர். அப்பா ஃபேக்டரியில் வேலை பார்த்தார், லாரி ஓட்டினார். அம்மா வீடுகளில் துப்புரவு வேலை. கானரி சின்ன வயதிலேயே பால் போடப் போனார். பதின்ம வயதில் கடற்படையில் சேர்ந்து, வயிற்றுப்புண்ணால் வெளியே வந்து, லாரி ஓட்டி, சவப்பெட்டிக்கு பாலிஷ் போட்டு, உடற்பயிற்சிப் போட்டிகளில் மேடையேறி, அப்படியே நடிப்புக்கு வந்தவர்.

1961-ல் பிராக்கலியும் ஹாரி சால்ட்ஸ்மேனும் பாண்ட் படம் எடுக்க முடிவு செய்தார்கள். பல இயக்குநர்கள் மறுத்த பிறகு வாய்ப்பு யங்கிடம் வந்தது. கையில் இருந்த பட்ஜெட் சுமார் 10 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் சில்லறைக் காசு. பெரிய நட்சத்திரத்துக்கெல்லாம் வழியே இல்லை. கானரி தயாரிப்பாளர்களைப் பார்க்க வந்தபோது டை கட்டவில்லை, உடை கசங்கியிருந்தது என்பார்கள். ஆனால் பேசிவிட்டுத் தெருவைக் கடந்து போனவரின் நடையை ஜன்னல் வழியாகப் பார்த்த தயாரிப்பாளர்கள், ஆள் இவர்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஃபிளெமிங்குக்கு முதலில் இந்தத் தேர்வில் திருப்தி இல்லை. அவர் மனதில் இருந்தது வேறு வகை ஆள், மேட்டுக்குடி ஆள்.

சிக்கல் புரிகிறதல்லவா? பாண்ட் எந்த ஓட்டலில் என்ன சாப்பிட வேண்டும், எந்த ஒயினை எதோடு குடிக்க வேண்டும், சூதாட்ட மேஜையில் எப்படி உட்கார வேண்டும் என்றெல்லாம் பிறவியிலேயே தெரிந்த மாதிரி இருக்க வேண்டும். பால் போட்டு வளர்ந்த கானரிக்கு அதெல்லாம் எங்கே அறிமுகம்?

யங் செய்தது சிம்பிள். தன் சொந்த டெய்லரிடம் கானரியைக் கூட்டிப் போனார்.

கான்டுயிட் தெருவில் என்ன நடந்தது?

டெய்லர் பெயர் ஆன்டனி சின்க்ளேர். கடை லண்டனின் கான்டுயிட் தெருவில். கோட் தையலுக்குப் பேர்போன சாவில் ரோ அங்கிருந்து நடக்கிற தூரம்தான். சட்டைக்கும் டைக்கும் ஜெர்மின் தெருவில் இருக்கும் 'டர்ன்புல் அண்ட் ஆஸர்'. இரண்டுமே யங் வழக்கமாகப் போகும் இடங்கள்.

கானரியின் உடம்பு டெய்லருக்கு ஒரு சவால். மார்பு ரொம்ப அகலம், இடுப்பு ஒல்லி. ரெடிமேட் கோட் மார்பில் பொருந்தினால் இடுப்பில் தொளதொளவென்று நிற்கும். சின்க்ளேர் அளவெடுத்து, ட்ரையல் பார்த்து, தோளில் அதிகம் பஞ்சு அடைக்காமல், இடுப்பில் லேசாகப் பிடித்து, இரண்டு பட்டன் வைத்துத் தைத்தார். இந்த வெட்டுக்குப் பின்னாளில் தெருவின் பெயரையே வைத்துவிட்டார்கள்: 'கான்டுயிட் கட்'.

இதில் எது பாண்டின் குணத்தைச் சொல்கிறது? நிறம் முதலில். பெரும்பாலும் சாம்பல், கருநீலம். கூட்டத்தில் நின்றால் வங்கி மேலாளரா, வக்கீலா என்று சொல்ல முடியாது. உளவாளிக்கு அதுதானே தேவை? பேன்ட்டுக்கு பெல்ட் கிடையாது. இடுப்பின் இரு பக்கமும் சின்னப் பட்டியும் பட்டனும் வைத்து இறுக்கிக்கொள்ளும் வகை. பளபளக்கும் பக்கிள் இல்லாததால் கண் இடுப்பில் நிற்காமல் முகத்துக்குப் போகும். டை மெல்லியது, கருநீலம், பூ இல்லை, கோடு இல்லை. கிட்டப் போனால்தான் நெசவின் சொரசொரப்பு தெரியும். பையில் வெள்ளைக் கைக்குட்டை, ஒரே நேர்கோடாக.

சட்டையின் கை மட்டும் கொஞ்சம் விசேஷம். பணக்காரர்கள் மடித்த கையில் தங்கத்தில் கஃப்லிங்க் மாட்டிக்கொள்வது வழக்கம். பாண்டின் சட்டைக் கையும் மடித்ததுதான், ஆனால் சாதாரண பட்டன். தங்கத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை, மாட்டிக்கொண்டிருக்க நேரமும் இல்லை என்கிற ஆள். யங் இந்த வகைச் சட்டையைத்தான் கானரிக்குக் கொடுத்தார்.

உடை தயார். ஆனால் கானரி அதில் விறைப்பாக நின்றார். முதல் இன்டர்வியூவுக்கு வாங்கிய பிளேசரைப் போட்டுக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். யங் சொன்ன வைத்தியம் இன்றுவரை பேசப்படுகிறது. கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கச் சொன்னாராம். விலை உயர்ந்த துணி என்ற பயம் போனால்தான் அதை மறந்து நடக்க முடியும் என்பது அவர் கணக்கு.

அதோடு விடவில்லை. நல்ல ஓட்டல்களுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தார். சூதாட்ட கிளப்புகளுக்குக் கூட்டிப் போனார். எப்படி நடப்பது, எப்படிப் பேசுவது, எப்படி நிற்பது என்று எல்லாமே. கூட நடித்தவர்கள் பலர் பின்னாளில் சொன்னது ஒன்றுதான்: கானரி திரையில் செய்தது யங்கின் நகல்.

ஆனால் முழு நகல் இல்லை. யங் நாகரிகமான மனிதர். அந்தக் கோட்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் அடித்துவிடக்கூடிய ஒரு உடம்பு இருக்கிறது என்ற உணர்வு கானரி கொண்டுவந்தது. ஃபிளெமிங் மனதில் இருந்த மேட்டுக்குடி நடிகர் இதே கோட்டைப் போட்டிருந்தால் அது வெறும் அழகான கோட்டாக இருந்திருக்கும். இது ஃபிளெமிங்குக்கும் பிறகு புரிந்தது. 1964-ல் வந்த நாவலில் பாண்டின் அப்பாவை ஸ்காட்லாந்துக்காரராகவே எழுதிவிட்டார்.

மீனோடு ரெட் ஒயின்

1963-ல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' யங்கின் இரண்டாவது பாண்ட் படம். கதைப்படி, கிராண்ட் என்ற கொலைகாரன் பிரிட்டிஷ் உளவாளி ஒருவரைக் கொன்றுவிட்டு, அவர் பெயரில் ரயிலில் பாண்டோடு பயணம் செய்கிறான். நல்ல கோட், நல்ல டை, பேச்சும் சரி. எல்லாம் கச்சிதம். ஆனால் டைனிங் காரில் மீன் ஆர்டர் செய்துவிட்டு அதோடு ரெட் ஒயின் கேட்கிறான். மேட்டுக்குடிப் பழக்கத்தில் மீனுக்கு ஒயிட் ஒயின்தான். பாண்ட் அதைக் கவனித்தும் விட்டுவிடுகிறார். துப்பாக்கி முனையில் மண்டியிட்டிருக்கும்போதுதான், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று நொந்துகொள்கிறார். நாவலில் ஃபிளெமிங் இன்னொரு தடயமும் வைத்திருந்தார்: அந்த ஆள் டை கட்டியிருந்த முடிச்சு. பெரிதாக, முக்கோணமாக வரும் விண்ட்சர் முடிச்சு. அதைப் போடுகிறவர்களை நாவலின் பாண்டுக்கு ஆகாது. படத்தின் பாண்ட் போடுவது ஒரே சுற்றில் முடியும் சின்ன முடிச்சு.

இங்கே கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வரும். அடுத்தவன் உடையை மாட்டிக்கொண்டு கனவான் மாதிரி நடிக்கும் தொழிலாளி வர்க்கத்து ஆளை, ஒயினை வைத்து அடையாளம் காண்கிறார் பாண்ட். அந்தப் பாண்டாக நடிப்பவரே இயக்குநரின் பாணி உடையை மாட்டிக்கொண்டு, எந்த ஒயினை எதோடு குடிப்பது என்று சமீபத்தில் கற்றுக்கொண்ட லாரி டிரைவர் மகன்! கிராண்டுக்கு ஒரு டெரன்ஸ் யங் கிடைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

1965-ல் 'தண்டர்பால்' படத்தின் முதல் காட்சியிலும் இதே விளையாட்டு. கணவனை இழந்த பெண் கறுப்பு உடையில், முகத்திரையோடு சவ அடக்கத்துக்கு வருகிறாள். கார் கதவைத் தானே திறந்துகொண்டு ஏறுகிறாள். அந்தக் காலத்துச் சீமாட்டி அப்படிச் செய்ய மாட்டாள், யாராவது திறந்துவிடும்வரை நிற்பாள். பாண்டுக்குப் பொறி தட்டுகிறது. அது பெண் அல்ல, செத்ததாக நாடகமாடிய எதிரி.

கோட்டின் இன்னொரு பக்கம்

இந்தக் கனவான் வேடத்தைக் கொண்டாடும் கட்டுரைகள் ஏராளம். ஆனால் அந்த உடைக்கு ஒரு அரசியலும் உண்டு. 'டாக்டர் நோ' படமானது 1962-ன் தொடக்கத்தில், ஜமைக்காவில். அப்போது அது பிரிட்டிஷ் காலனி. ஆகஸ்ட் 6 அன்று ஜமைக்கா விடுதலை பெற்றது. சரியாக இரண்டு மாதத்தில், அக்டோபர் 5 அன்று லண்டனில் படம் வெளியானது. கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த சாம்ராஜ்யத்தின் கடைசி மிடுக்கு அந்தக் கோட்டில் இருக்கிறது.

படத்தில் வில்லன் டாக்டர் நோ அணிவது காலர் நிமிர்ந்து நிற்கும், நம் ஊர் நேரு கோட்டு மாதிரியான வெளிர்நிற உடை. அவன் தீவில் சிறைப்பட்டதும் பாண்டுக்கும் அதே பாணி உடைதான் கொடுக்கிறார்கள். கோட்டும் டையும் போய்விட்டால் பாண்ட் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று நமக்குப் புரிய வேண்டும். ஆசிய உடை என்றால் எதிரியின் உடை. சீனக் கலப்புள்ள அந்த வில்லனாக நடித்தவர் கனடாவில் பிறந்த வெள்ளையர், ஒப்பனையோடு. இயக்கியவர் ஷாங்காயில் பிறந்தவர்! இன்னொரு இடத்தில், பாண்டுக்கு உதவியாக உயிரைப் பணயம் வைத்து வரும் கறுப்பின மீனவர் குவாரலிடம் தன் ஷூவை எடுத்துவரச் சொல்கிறார் பாண்ட். இன்று பார்க்கும்போது நெருடும் காட்சி. யங்கின் ரசனை குறையில்லாதது. அந்த ரசனையில் யாருக்கு எந்த இடம் என்பதும் சேர்ந்தே தைக்கப்பட்டிருந்தது.

தண்ணீருக்குள் ஒரு இயக்குநர்

யங் சொகுசாக உட்கார்ந்து உத்தரவு போட்ட ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்துக்காக 1963 ஜூலையில் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் அவர் போன ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவரை மீட்டார்கள். காயத்தோடு உடனே படப்பிடிப்பைத் தொடர்ந்தார்.

பழகியவர்களை மறக்காதவரும்கூட. 1950-ல் போர் அனுபவத்தை வைத்து அவர் எடுத்த 'தே வேர் நாட் டிவைடட்' படத்தில் டாங்கி வீரராக நடித்த டெஸ்மண்ட் லெவலினைத்தான் இந்தப் படத்தில் ஆயுதம் தரும் அதிகாரியாக்கினார். பின்னாளில் 'க்யூ' என்று உலகமே கூப்பிட்ட அதே லெவலின்.

மூன்றாவது படமான 'கோல்டுஃபிங்கர்' யங் கைக்கு வரவில்லை. லாபத்தில் பங்கு கேட்டார், கொடுக்கவில்லை. கை ஹாமில்டன் இயக்கினார். ஆனால் டெய்லர் மாறவில்லை. கானரி அதிகாரபூர்வ பாண்டாக இருந்தவரை அவர் கோட்டைத் தைத்தது சின்க்ளேர்தான். 1960-களில் இந்தத் தோற்றம் உலகம் முழுக்கப் பரவியது. இங்கே நம் ஜெய்சங்கருக்கும் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்று பட்டம் கிடைத்தது.

கானரி விலகியபோது நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் லேசன்பி ஆஸ்திரேலியாவில் கார் விற்றவர், பிறகு மாடல். நடிப்பு அனுபவம் விளம்பரங்களோடு சரி. சின்க்ளேர் கடைக்குப் போய், கானரிக்காகத் தைத்து அவர் வாங்கிக்கொள்ளாமல் விட்டிருந்த கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, கானரியின் முடிதிருத்துநரிடமே முடி வெட்டிக்கொண்டு, தயாரிப்பாளர் ஆபீஸுக்குள் நுழைந்ததாக அவரே பல முறை சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்தது. 1969-ல் அவர்தான் பாண்ட்.

கடைசிக் காலம்

'தண்டர்பால்' வசூலை அள்ளியது. யங் அதன் பிறகு பாண்ட் பக்கம் வரவில்லை. 'வெய்ட் அன்டில் டார்க்' பெரிய வெற்றி, ஹெப்பர்னுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வாங்கித் தந்தது. அதன் பிறகு சறுக்கல்தான். 1980-களின் தொடக்கத்தில் கொரியப் போரை வைத்து எடுத்த 'இன்சான்' 4 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. லாரன்ஸ் ஒலிவியரே நடித்தும் படம் படுத்துவிட்டது. மோசமான படங்களுக்குக் கொடுக்கப்படும் ராஸி விருதில், மோசமான இயக்குநர் பட்டமும் யங்குக்குக் கிடைத்தது.

1994 செப்டம்பர் 7 அன்று பிரான்ஸின் கேன் நகரில் மாரடைப்பால் காலமானார். வயது 79. அப்போது பாண்ட் படம் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு 'கோல்டன் ஐ' படத்தில் பியர்ஸ் பிராஸ்னன் புது பாண்டாக வந்தார். அவர் போட்டிருந்த கோட் லண்டனில் தைத்தது அல்ல, இத்தாலியின் 'பிரியோனி'.